கடைசி வரிசையில் என் மாப்பிள்ளை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் கூரைத் தகடு ஒவ்வொன்றும் என் பட்டறையில் வெட்டியது. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அந்தக் கூரையின் கீழ் பல வருடம் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்தவர் என் தங்கை புருஷன். எங்கள் இருவருக்கும் தலைக்கனம் உண்டு. எனக்காவது காரணம் இருந்தது.

மாப்பிள்ளை பகலெல்லாம் பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழிப்பார். சாயங்காலம் கூடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாவுக்குக் கரகரத்த தொண்டை. ஒருநாள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, "ஏம்மா, நீ கடைசி வரிசைக்குப் போ. வாயை மட்டும் அசை, போதும். கடவுளுக்கும் காது இருக்குல்ல?" என்றார். கூடமே சிரித்தது. அந்த அம்மா போய் நின்றாள். அன்றிலிருந்து அங்கேதான்.

பிறகு மாப்பிள்ளைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. வெறும் காற்றுதான் வரும். கூடத்துப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, சோத்தையும் ஒதுக்குறாரு. எனக்கு முடியலண்ணே" என்றாள் தங்கை.

நான் போனேன். "மாப்பிள்ளை, உசத்தியான மைக் ஒண்ணு வாங்கித் தர்றேன். நீங்க மூச்சு விட்டாலே மூணு தெருவுக்குக் கேட்கும்."

"மூச்சைக் கேட்க எவன் வருவான், மச்சான்?" என்றது காற்று.

அந்த நேரம் இஸ்திரிக்கார அம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவர் தேய்க்கப் போட்டது. நாங்கள் எல்லாருமே மறந்துபோனது.

"வாரா வாரம் தூசி தட்டித் தேய்ச்சுத்தான் வெச்சிருக்கேன், கண்டக்டரய்யா. கூடத்துக்கு வருவீங்கல்ல, அப்போ கசங்கியிருக்கக் கூடாதே" என்றாள்.

அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினார்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இரண்டு தூணுக்கு ஒருமுறை நின்று இளைப்பாறினார். கால் பழக்கத்தில் முன்வரிசைக்குப் போயிற்று. அங்கே நின்றார், திரும்பினார், அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அட, என்னய்யா இது! முன்னாடி பாருங்க, பாட்டு ஆரம்பிச்சாச்சு. மூச்சை அடக்காதீங்க, வாய் மட்டும் அசையட்டும். எனக்குப் பழக்கம்தான்."

"நீ சத்தமா பாடும்மா. எனக்கும் சேர்த்து."

"சுருதி தப்பிடுமே?"

"தப்பட்டும்."

அந்த அம்மா பாடினாள். கரகரவென்றுதான் இருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடி வாயசைத்தார்.

பாட்டு முடிந்ததும் களைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்தார். கைகொடுத்துத் தூக்கலாமென்று முதல் வரிசையிலிருந்து போனேன். எனக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் கூரை இன்னும் நன்றாகத் தெரிகிறது.