காதில் மாட்டிய கலியாணம்

போன கிழமை சிட்னியில், ஹோம்புஷில் ஒரு மசாலா தோசையை முடித்துக்கொண்டு ரயில் ஏறினேன். பக்கத்தில் ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். காதுகளின் மேல் இரண்டு பெரிய கறுப்பு வட்டங்கள். வெயிலில் நடந்து வந்திருப்பாள் போல, அந்த வட்டங்களின் மெத்தையிலிருந்து சூடேறிய ரெக்சின் வாசம் வந்தது. கூடவே படபடவென்று ஒரு மேள அடியும் கசிந்தது. கேட்டவுடனே பிள்ளை நம்முடைய சாதி என்று விளங்கிவிட்டது. சாதி என்றதும் பதறாதீர்கள், ஹெவி மெட்டல் சாதியைச் சொல்கிறேன். நான் திரும்பிப் பார்த்ததும் அவள் மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துச் சத்தத்தைக் குறைத்தாள். கூட்டி வை மகளே என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த வயதில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ரெக்சின் வாசம் என்னை விடவில்லை. எழுபதுகளின் கடைசியில் என் இரண்டு காதுகளும் அந்த வாசத்துக்குள்தான் குடியிருந்தன. அதனால் எனக்கு வரவிருந்த கலியாணம் குழம்பிப்போகப் பார்த்தது. சிரிக்காதீர்கள், அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்தில் நான் சிட்னியில் ஓர் அலுவலகத்தில் தண்ணீர்க்குழாய்ப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். கழுத்தில் பட்டி, சட்டைப்பையில் மூன்று பென்சில், நெற்றியில் மெல்லிய திருநீறு. பக்கத்து மேசைக் கெவின் ஒருநாள் ஓர் இசைத்தட்டைக் கையில் தந்தான். மேலட்டையில் மண்டையோடு. வீட்டில் போட்டுக் கேட்டேன். கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் ஒருவரையொருவர் மடக்கப் பார்க்கும் நேரத்தில் உடம்பில் ஓடுமே ஒரு நடுக்கம், அதே நடுக்கம். பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி விளங்கவில்லை. தேவாரமும் எனக்கு முழுதாக விளங்கினதில்லை, ஆகையால் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னோடு ஹோம்புஷ் ஃபிளாட்டில் இருந்தவன் பாண்டியன். மதுரைக்காரன், என்ஜினியர், பொறுமைசாலி. அவன் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு சமாளித்தான். கீழ்வீட்டுக் கிரேக்க அம்மாவிடம் பஞ்சு இல்லை, வீடு கூட்டுகிற தும்புத்தடி இருந்தது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் தன் வீட்டுக் கூரையில் இடிப்பார். அது என் வீட்டுத் தரை. சில பாட்டுகளுக்கு அந்த இடி பொருத்தமாகவே இருந்தது என்றாலும், வீட்டுக்காரர் வந்து கடைசி எச்சரிக்கை தந்துவிட்டுப் போனார். பாண்டியன் சொன்னான், "அண்ணே, ஒண்ணு அந்த மண்டையோட்ட வெளிய அனுப்புங்க, இல்லைன்னா ஒரு ஹெட்ஃபோன் வாங்குங்க."

நகரத்துக்குள் ஒரு ஹை-ஃபை கடைக்குப் போனேன். கன்னத்து முடியைத் தாடைவரை வளர்த்திருந்த ஒரு விற்பனையாளன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என் நிறம், என் திருநீறு, என் கழுத்துப்பட்டி மூன்றையும் கூட்டிக் கழித்து ஒரு விடைக்கு வந்தான். "சித்தாருக்கு இதுதான் சரி" என்று பஞ்சுபோல ஒன்றை நீட்டினான். யாழ்ப்பாணத்தில் நான் சித்தாரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்தக் காலத்து அவுஸ்திரேலியாவில் நாங்கள் எல்லோரும் பிறக்கும்போதே மடியில் ஒரு சித்தாரோடு பிறந்தவர்கள். நான் பையைத் திறந்து மண்டையோட்டை வெளியே எடுத்தேன். அவன் அட்டையைப் பார்த்தான், திருநீற்றைப் பார்த்தான், பிறகு தட்டைச் சுழலவிட்டான்.

இப்போது கடையில் கேட்டால் ஆயிரம் கணக்குச் சொல்வார்கள். அன்று எனக்குத் தெரிந்த ஒரே கருவி என் காது. பஞ்சுபோன்றதில் கித்தார் நுளம்புபோல இரைந்தது, மேளத்தைக் காணவில்லை. அடுத்ததில் மேளம் வந்தது, வந்து மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, எல்லாம் கலந்து கரைந்த ஒடியல் கூழ். நல்ல ஹெவி மெட்டலுக்கு அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கவேண்டும், ஆனால் ஒவ்வொரு இடியும் தனித்தனியாக விழவேண்டும். தாளத்தட்டின் சிலிர்ப்பு காதைக் கிழிக்கக் கூடாது, ஆனால் கிழிக்கப்போகிறது என்று பயம் காட்டவேண்டும். காதை முழுதாக மூடவேண்டும், ஏனென்றால் கீழே தும்புத்தடி காத்திருக்கிறது. இதெல்லாவற்றையும்விட முக்கியம், தலையை ஆட்டினால் கழன்று விழக்கூடாது.

மூன்றாவதாக ஒன்றை மாட்டினான். சட்டிபோல இரண்டு, நடுவில் இரும்புப் பட்டி, சுருள் சுருளாக ஒரு கனத்த வயர். மேளம் விழுந்தது, கித்தார் எழுந்தது, எனக்குப் புல்லரித்துவிட்டது. கழன்று விழுகிறதா என்று பார்க்கத் தலையை இரண்டு பக்கமும் பலமாக ஆட்டினேன். விற்பனையாளன் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு, என் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டான். நான் பின்னால் ஓடினேன். நாங்கள் தலையாட்டினால் அது ஆமோ இல்லையோ என்று இந்த நாட்டில் ஒருவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. அன்று நான் ஆட்டியது இரண்டுமில்லை.

அதன்பிறகு என் பின்னேரங்கள் சொர்க்கம். வேலையால் வந்து, சோறு தின்று, கதிரையில் சாய்ந்து, சட்டிகளை மாட்டினால் உலகமே கிடையாது.

அந்தச் சொர்க்கத்தில் ஒரேயொரு குறை. அவள் பெயர் பவானி. மெல்பேணில் மருந்துக்கடையில் வேலை செய்தாள், தாய்மாமன் தம்பிராசா அங்கிளின் வீட்டில் இருந்தாள். ஒரு பொங்கலுக்குச் சிநேகிதி வீட்டுக்கென்று சிட்னிக்கு வந்திருந்தாள். அப்போது சிட்னித் தமிழர் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அடங்கிவிடுவோம், கதிரையும் மிஞ்சும். பொங்கலைக் கையில் தந்துவிட்டு என்னிடம் கேட்டாள், "நீங்கள் எவடம்?" எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்டால் ஊரைக் கேட்கிறார்கள் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவளுடைய கண்ணைப் பார்த்த பதற்றத்தில் நான் சொன்னேன், "ஹோம்புஷ்." அவள் சிரித்தாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்காக வாழ்ந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அம்மாவுக்கு எழுதிப்போட்டேன். அம்மா ஆள்பிடித்து, ஆள்மாறி, விசயத்தைத் தம்பிராசா அங்கிளின் காதில் போட்டுவிட்டார்.

அங்கிள் மாப்பிள்ளையை விசாரிக்க ஒரு பின்னேரம் எங்கள் ஃபிளாட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் சொர்க்கத்தில் இருந்தேன், மணி கேட்கவில்லை. எடுத்தது பாண்டியன். பெண்வீட்டார் என்று அறிந்ததும் எனக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தே தீருவது என்று முடிவுகட்டிவிட்டான். நடந்ததைப் பிறகு அவனே எனக்கு நடித்துக் காட்டினான்.

"தம்பி, அவரைக் கொஞ்சம் கூப்பிடுவியளோ?"

"கூப்பிட்டா கேக்காதுங்க. காதுல மாட்டியிருக்காரு."

"எந்த நேரமும் மாட்டியிருக்கிறவரோ?"

"வீட்டுக்கு வந்தா அது இல்லாம இருக்கவே முடியாதுங்க அவரால. நல்லதாப் பாத்து, பெரிசா வாங்கியிருக்காரு."

அங்கிளின் குரல் தணிந்துவிட்டது. "அப்ப... ஆள் கதைப்பாரோ?"

இங்கேதான் விழுந்தது இடி. எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. மதுரையில் கதை விடுவது என்றால் புளுகுவது. பாண்டியனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"கதையா? சேச்சே! அந்தப் பேச்சுக்கே இடமில்லைங்க. ஒரு கதை கிடையாது. தங்கமான மனுஷன்."

பாவி, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அங்கிள் "சரி தம்பி, கடவுள் இருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். "உங்க மேல ரொம்ப மரியாதைண்ணே, கடவுளையெல்லாம் கூப்பிட்டாரு" என்று பாண்டியன் எனக்கு அப்போது சொன்னது அவ்வளவுதான். நானும் பூரித்துப்போய் ஓர் இசைத்தட்டு அதிகமாகக் கேட்டேன்.

இரண்டு கிழமையில் அம்மாவிடமிருந்து பதில் வந்தது, சாதகம் பொருந்தவில்லையாம். என் சாதகத்தை அவர்கள் கேட்கவேயில்லை. நம்முடைய சனத்துக்குச் சாதகம் எவ்வளவு உதவி பாருங்கள். குடிகாரன், கடன்காரன், மொட்டை, செவிடு எல்லாவற்றையும் செவ்வாயின் தலையில் போட்டுவிட்டுக் கௌரவமாக எழும்பிப் போய்விடலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு தெருவின் குழாயை அடுத்த தெருவில் வரைந்துவிட்டேன். நான் மண்டையோட்டுப் பாட்டுக் கேட்கிறவன் என்பதை அங்கிள் எப்படியோ அறிந்துவிட்டார், அதுதான் காரணம் என்று நம்பினேன்.

அடுத்த ஒன்றுகூடலில் அந்த நம்பிக்கை உறுதியாகிவிட்டது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். ஓர் அன்ரி கிட்ட வந்து, சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதுபோலக் கையால் அபிநயம் பிடித்து, மண்டபம் அதிரக் கத்தினார். "சாப்... பிட்... டியோ... தம்பி?" அவருடைய கணவர் என் தோளைத் தட்டிக் கண்ணை மேலே காட்டினார். இன்னொருவர், என் காதுபடவே, "போன வருசம் நல்லாத்தானே இருந்தவர்" என்றார். ஓகோ, சத்தமான பாட்டுக் கேட்கிறவனை நக்கலடிக்கிறார்களாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தச் சனத்தோடு ஒரு சொல் பேசுவதில்லை என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு வடை தின்றுவிட்டு வந்தேன். மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அவர்களுக்குத் தீர்ந்திருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பாண்டியன் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தான். இசைத்தட்டைத் திருப்பிப் போடுவதற்காக ஹெட்ஃபோனைக் கழற்றிய அந்தச் சின்ன இடைவெளியில் தொலைபேசி அடித்தது.

"பாண்டியனோ?" என்றது ஒரு பெண்குரல். "நான் மெல்பேண் பவானி. நான் எடுத்தது அவருக்குத் தெரியவேண்டாம்."

நான் பாண்டியனில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், "ஆமாங்க" என்று மதுரைத் தமிழில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

"அவருக்கு இந்தக் காது விசயம் எப்ப துவங்கினது?"

ஹெவி மெட்டலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ரெண்டு வருஷமாங்க."

"எதாலை வந்தது?"

"வேலையிடத்துல கெவின்னு ஒருத்தன். அவன் குடுத்ததுதான்."

"ஐயோ! அடிச்சவனோ?"

"இல்லைங்க, நல்ல மனசோடதான் குடுத்தான்."

அவள் மெதுவாக, "இனிக் குணமாகுமோ?" என்றாள்.

"கஷ்டம்ங்க. நாளுக்கு நாள் கூடிக்கிட்டுத்தான் போகுது."

"பரவாயில்லை. உதட்டைப் பாத்து விளங்குவாரோ? தமிழிலை சொன்னால் பிடிபடுமோ, இல்லாட்டி இங்கிலிசிலை சொல்லோணுமோ?"

"ஆர் உதட்டை?" என்றேன். மதுரை காற்றில் பறந்துவிட்டது.

"என்ரை உதட்டைத்தான். அவருக்குத்தான் காது கேக்காதே. கதையும் வராதெண்டு மாமா சொல்லுறார். நானும் பொங்கலுக்கு ஒண்டு கேட்க அவர் வேறை என்னவோ சொன்னவர், பாவம்."

அந்த மண்டபம், அன்ரியின் அபிநயம், தோளில் தட்டிய கை எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின. "பவானி, நான்தான் கதைக்கிறன். எனக்கு இரண்டு காதும் கேக்கும். அது பாட்டுக் கேக்கிற பெட்டி."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்தபோது எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. "காது கேக்காதவன், ஊமை எண்டு எல்லாரும் சொல்லி முடிச்சபிறகு நீங்கள் ஏன் எடுத்தனீங்கள்?"

அவள் சொன்னாள். "எங்கடை வீட்டிலை நான் கதைக்கேக்கை ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கிறேல்லை. மாமாவுக்குப் பேப்பர், மாமிக்கு ரீவி. காது கேக்காத ஆள் எண்டால் நான் வாய் திறந்தவுடனை என்ரை முகத்தைப் பாத்துத்தானே ஆகோணும் எண்டு நினைச்சன்."

அடுத்த மாசி மாதமே அவளைக் கட்டினேன். செவ்வாய் பேசாமல் வழிவிட்டது. தாலி கட்டி முடியும்வரை தம்பிராசா அங்கிள் என்னோடு சத்தம்போட்டுத்தான் பேசினார், பழகிவிட்டது என்றார்.

அன்றிலிருந்து பவானி வாய் திறந்தால் நான் சட்டிகளைக் கழற்றிவிடுவேன். அவளும் ஒருநாள் மாட்டிப் பார்த்தாள். "தகரக் கூரையிலை தேங்காய் விழுந்துகொண்டே இருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். கித்தார் உச்சிக்கு ஏறும் நேரமாகப் பார்த்துக் குசினியிலிருந்து வந்து நிற்பாள். மருந்துக்கடையில் யார் வந்தது, என்ன சொன்னது, தான் என்ன பதில் கொடுத்தாள் என்று ஒன்றும் விடாமல் சொல்வாள். மருந்துக்கடைக் கதைகள் நீளமானவை. தட்டு தன்பாட்டில் சுற்றி முடிந்துவிடும்.

அங்கிள் இப்போது இல்லை. பாண்டியன் மதுரைக்குத் திரும்பிப் போய்ப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். அந்த ஹை-ஃபை கடையில் இப்போது குமிழித் தேநீர் விற்கிறார்கள். ஃபிளாட்டை இடித்து, அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். விசாரிக்கிற வழக்கமும் போய்விட்டது. என் மகள் தன் மாப்பிள்ளையைத் தானே பிடித்து வந்தாள். அவனுக்குக் காது கேட்குமா என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை.

பவானியும் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவள் போன பிறகு ஒருநாள், நார்த்மீட்டில் நாங்கள் பிறகு வாங்கிய வீட்டில், ஓர் இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, ஒருமுறைகூட ஹெட்ஃபோனைக் கழற்றாமல், முழுதாகக் கேட்டேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. நல்ல இசைத்தட்டு. முடிந்ததும் அழுதேன்.