சொத்தையை முன்னால் வை

சனிக்கிழமைகளில் கோசுகளை அடுக்கும்போது, புழு தின்ற ஓட்டை ஆட்களுக்குத் தெரியும்படி முன்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கேரட்டைக் கழுவக் கூடாது. மண் ஒட்டியபடியே இருக்க வேண்டும். கீரைக் கட்டில் நத்தை ஊர்ந்தால் எடுத்துப் போடாமல் விட்டுவிடலாம். குழந்தைகள் பார்த்து மகிழும். பிரான்சு நாட்டின் தெற்கே ஒரு சிறு நகரத்தில், மர்ஷே என்று அவர்கள் சொல்கிற வாரச் சந்தையில், காய்கறிக் கடை ஒன்றில் எனக்கு வேலை. கடையின் சொந்தக்காரர் மதாம் கொலெத். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்த காய்களை மட்டும் விற்கிறவர். அப்படி விளைந்ததற்கு இங்கே பியோ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பழக்க தோஷத்தில் நான் நல்ல கோசுகளாகப் பொறுக்கி முன்வரிசையில் வைத்து, ஓட்டை விழுந்தவற்றைப் பின்னால் மறைத்து வைத்தேன். மதாம் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல ஒவ்வொன்றாக மாற்றி வைத்தார். வாங்க வந்த ஒரு பெரியவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, புழுவே நேரில் வந்து சாட்சி சொன்னதுபோலத் தலையாட்டி, அதையே எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கத்திரிக்காயில் அதில் பாதி ஓட்டை இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் என் அண்ணன் அந்தோணிசாமி குத்தகை நிலத்தில் கத்திரி போடுகிறார். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் நான் அவரோடு சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வடலூருக்குப் போவேன். அங்கே வியாபாரி கூடையின் அடியில் கைவிட்டு ஒரு காயை உருவி, இரண்டாக உடைத்துப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் பேச்சில்லை. புழு நெளிந்தால், "என்னா அந்தோணி, காயோட கறியும் சேத்தே குடுக்கிறியா?" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி சொல்லிக் கூடையைக் காலால் தள்ளுவார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கூடையை மறுபடி சைக்கிளில் கட்டுவார். நெய்வேலிச் சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸ்களுக்குக் கொண்டுபோனாலும் அதே கதைதான். அம்மாக்கள் காம்பைப் பிடித்துத் தூக்கி, நகத்தால் கிள்ளி, பளபளப்பாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எடுத்த பிறகு, மருந்தெல்லாம் அடிக்கவில்லையே என்று கேட்பார்கள். "இல்லிங்கம்மா" என்பார் அண்ணன். மருந்து அடிக்காமல் அந்தப் பளபளப்பு வராது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். கழித்துப் போட்ட சொத்தைகள் எங்களுக்கு. அண்ணி ஆரோக்கியமேரி புழு இருந்த பக்கத்தை அரிந்து ஆட்டுக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் குழம்பில் போடுவார். முழுக் கத்திரிக்காய் கிடக்கிற குழம்பை நான் கல்யாணப் பந்தியில்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொத்தைக்குத்தான் இங்கே நல்ல கோட்டுப் போட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. புதுச்சேரியில் ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டில், பெண் எடுத்ததால் இந்த நாட்டுக்கு வர முடிந்தது. வேறு தகுதி எதுவும் எனக்கில்லை. மதாமுக்கு என் ஊரைப் பற்றிக் கேட்பதில் விருப்பம். உன் அப்பாவின் மண் எப்படிப்பட்டது என்று ஒருநாள் கேட்டார். செம்மண், முந்திரியும் பலாவும் நின்ற கொல்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். அது இல்லை என்றேன். விற்றுவிட்டோம் என்று புரிந்துகொண்டார். அது சுரங்கத்துக்காக எடுத்த நிலம். நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணையெல்லாம் இயந்திரம் வெட்டி, பெல்ட்டில் ஓட்டிக்கொண்டுபோய்க் கொட்டியதில், ஆழத்து மண் மேலே வந்து மலையாக நிற்கிறது. அப்பா உழுத மண் அதற்குள் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சுரங்கத்தில் ஊறுகிற நீரை இறைத்து வாய்க்காலில் விடுவதால்தான் அண்ணனின் குத்தகை நிலம் கோடையிலும் விளைகிறது. அவர் மைன்ஸில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்தார். பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்து, ஆகாமல் போனபிறகுதான் கத்திரிக்கு வந்தார். மலை மனிதன் கொட்டியது, தண்ணீர் மோட்டார் கொடுத்தது. இதில் எதை எடுத்து இதுதான் எங்கள் ஊர் இயற்கை என்று மதாமிடம் காட்டுவது?

கத்திரிக்கு வருகிற பூச்சிகளில் இலையை அரிக்கிற வண்டுக்குச் சாம்பலே போதும். தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பல் அரைத்த மாவு மாதிரி இருக்கும். பனி ஈரம் காய்வதற்குள் அதைத் துணியில் முடிந்து செடிக்கு மேல் தட்டினால் இலையெல்லாம் வெளுத்துவிடும், வண்டு அண்டாது. காய்க்குள் புகுந்துவிட்ட புழுவைச் சாம்பல் ஒன்றும் செய்யாது. அதற்கு மருந்துதான். மருந்து டாங்கை முதுகில் மாட்டிக்கொண்டு காய்ப்பு ஓய்கிறவரை திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். நான் இங்கே வந்த பிறகு, ஒரு மத்தியானம் காற்று திரும்பி முகத்தில் அடித்ததில் அண்ணன் வரப்பிலேயே விழுந்துவிட்டார். வாயில் நுரை தள்ளியது. பக்கத்துக் கொல்லைக்காரர் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார். இனிமேல் அந்த டாங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொட்டார். கூலிக்கு ஆள் விட்டால் கட்டுப்படியாகாது. மகள்கள் இருவரையும் வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, டீக்கடையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார் என்று அண்ணி போனில் சொன்னார்.

அந்த அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே போன் செய்தார். குரல் இளவட்டக் குரலாக இருந்தது.

"டேய் அருளு, புதுசா ஒரு கத்திரி வெத வருதாம்டா. மருந்த வெதையிலயே வச்சிடறாங்களாம். புழு கடிச்சா புழுதான் சாவும். நாம டாங்கு தூக்க வேணாம்."

அண்ணி போனைப் பிடுங்கினார். "நீயே கேளு தம்பி. தின்ன புழு சாவுதாம், அத மனுசன் எப்பிடித் தின்றது?"

"இப்ப மட்டும் என்னா, தேனா ஊத்திக்கினு இருக்கிறேன்?" என்று பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்.

"நீ ஊத்தறது கழுவுனா போவும். அது கழுவுனா போவுமா?"

வருஷா வருஷம் விதைக்குக் கம்பெனிக்காரன் வாசலில்தான் நிற்க வேண்டும் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் வேறு பயமுறுத்தியிருந்தாராம். அதுவும் நியாயமாகவே பட்டது. அண்ணி சொல்வது சரியா, அண்ணன் சொல்வது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. எப்படியாவது அண்ணன் அந்த டாங்கை இறக்கி வைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அதே சமயத்தில் இங்கே மர்ஷேயிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. மரபணு மாற்றிய பயிருக்கு இவர்கள் ஓ-ஜே-எம் என்கிறார்கள். எங்கள் பங்குச் சாமியார் சாத்தானின் பெயரைச் சொல்வதுபோல, மதாம் அந்த எழுத்துகளைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். இந்தியாவில் கத்திரிக்காயிலும் அதைக் கொண்டுவரப் போகிறார்களாம் என்று கூடிப் பேசினார்கள். கடையிலேயே ஓர் இந்தியன் நிற்கும்போது வேறு ஆளைத் தேடுவார்களா? உன் அண்ணன் பூச்சிக்கு என்ன போடுகிறார் என்று எல்லோர் முன்பும் மதாம் கேட்டார். முதலில் வாயில் வந்த சொல் சாம்பல். "சாந்த்ர்" என்றேன். அதற்குமேல் கேட்க யாரும் காத்திருக்கவில்லை. மதாம் கையைத் தட்டினார். அடுப்புச் சாம்பல் என்று நினைத்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அனல்மின் நிலையத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, வானத்தைத் தொடுகிற புகைபோக்கியைக் காட்டினேன். ஆமாம் ஆமாம், வீட்டுப் புகைபோக்கி, எங்கள் தாத்தா வீட்டிலும் இருந்தது என்று ஒருவர் என் தோளைத் தட்டினார். மருந்தும் உண்டு, அதில் அண்ணன் விழுந்தார் என்று சொல்ல நான் சொற்களைச் சேர்ப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. என் கையில் ஒரு கத்திரிக்காயைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கடையில் மாட்டுவதற்காக என்று நினைத்தேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பும்போது மதாம் ஒரு கட்டுத் துண்டறிக்கை கொடுத்தார். எல்லாவற்றிலும் என் படம். உன் அண்ணன் பெருமைப்படுவார் என்றார். என் மனைவி அதை வாசித்து எனக்குச் சொன்னாள்; சொல்லிவிட்டு, இதை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாய் என்றும் கேட்டாள். குப்பையில் போட மனம் வரவில்லை. மதாம் கெட்டவர் இல்லை. குளிர்காலத்துக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தவர்.

வடக்குத்து வீட்டில் அன்று மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு. என் தட்டில் முழுக்காய்கள், காம்போடு, எண்ணெய் மினுங்கக் கிடந்தன. அண்ணன் தட்டில் அரிந்த துண்டுகள். எனக்கும் அரிந்ததையே போடுங்கள் என்றேன். "தூரத்துலேருந்து வந்தவனுக்குச் சொத்தையப் போட்டாங்கன்னு பேச்சு வரணுமா? தின்னு தம்பி" என்று அண்ணி இன்னொரு காயை வைத்தார். அதே வீட்டில், அதே மூலையில் உட்கார்ந்து சொத்தை தின்று வளர்ந்தவன் நான். இப்போது எனக்கு அது கிடையாது என்று ஆகிவிட்டது.

சாப்பிட்டபின் பெட்டியைத் திறந்ததும் அந்தக் கட்டு மேலே கிடந்தது. அண்ணன் ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். தாள் நடுங்கிக்கொண்டே இருந்தது. "பொண்ணு பாக்க வந்தவன் மாரி சிரிச்சிக்கினு நிக்கிற" என்று கேலி செய்தார். பிறகு படத்தைக் கிட்டே கொண்டுபோய், "சொத்தையே இல்ல. இது மருந்தடிச்ச காயிடா" என்றார். எனக்கு அதுவரை தோன்றவில்லை. படம் எடுத்தது பிரான்சில் கத்திரிக்காய்ப் பருவமில்லாத மாதம். பெரிய கடையில் வாங்கி வந்திருப்பார்கள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய்யும் சட்டென்று வராது. இந்திய விவசாயிக்கு இந்த விதை வேண்டாம், முன்னோர் காட்டிய வழியில் அவன் சாம்பலைக் கொண்டே பயிரைக் காக்கிறான் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"எந்த முன்னோர்டா? தெர்மலே நேத்துக் கட்டுனது" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. விதை இப்போதைக்கு வராது, எதிர்ப்பவர்கள் அதிகமாம் என்று டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டுத் தாளை மடித்தார்.

"வேணாம்னு சொன்னவங்கள்ல நீயும் ஒரு ஆளா?"

"எனக்குத் தெரியாதுண்ணே. நிக்கச் சொன்னாங்க, நின்னேன்."

"சரி வுடு. உன் பொழப்பு அங்க."

விதையே வேண்டாம் என்று முதலில் சொன்ன அண்ணிதான் விடவில்லை. "நான் வேணாம்னு சொல்லுவேன். நாளைக்கி அதத் தின்னப் போறவ நான், இந்த ஆளு விழுந்தா தூக்கப் போறவளும் நான். அவங்களுக்கு என்னா வந்துது?" என்றார். மதாமுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்தேன். தமிழிலும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. என் படம் போட்ட தாள் டெல்லிக்குப் போய் எந்த விதையையும் தடுத்திருக்காது என்பது தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியும் அந்தத் தாளும் அண்ணன் மடியில் ஒன்றாகத்தான் கிடந்தன.

மறுநாள் காலை அண்ணன் டாங்கில் மருந்து கலக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பட்டையை அவர் தோளில் மாட்டுவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். உனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று, வேண்டாம் என்றார். நான் கொடுக்கவில்லை. அண்ணி என் முகத்தில் துண்டைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டார். விடுமுறை முடிகிறவரை மருந்தடித்தது நான்தான். சோப்புப் போட்டுக் குளித்தும் சோற்றில் அந்த வாடை வந்தது. கிளம்புகிற அன்று டாங்கைக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று சுவரோரம் கவிழ்த்து வைத்தேன். மந்தாரக்குப்பத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன், ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது கடையில் கோசுகளுக்கு மேலே அந்தப் படம் தொங்குகிறது. வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "நத்துரேல்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். இயற்கையானது என்று பொருள். கோட்டுக்குள் என் இரண்டு தோளிலும் டாங்குப் பட்டை அறுத்த தழும்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. போன சனிக்கிழமை கடை திறப்பதற்கு முன் ஊருக்குப் போன் செய்தேன். அண்ணி எடுத்தார். அண்ணன் எங்கே என்றேன். "கொல்லைக்கிப் போயிருக்காரு தம்பி" என்றார். வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம் அங்கே. டாங்கு சுவரோரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. மதாம் அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டினார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, சொத்தையில்லாத காயைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற என் படத்துக்குக் கீழே குனிந்து, ஒவ்வொரு கோசாக எடுத்து, ஓட்டையை முன்னால் திருப்பி வைக்க ஆரம்பித்தேன்.