எந்த வரியிலும் இல்லாத விடை

கடலூரில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பத்தியைப் படித்து விடை எழுதுவதற்கு ஒரு குறுக்குவழி பழக்கியிருந்தேன். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதோ, அந்த வரியை அப்படியே எழுதிவிட வேண்டும். மதிப்பெண்ணும் குறையாமல் வந்தது.

போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, தானே கரும்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினார். படகுகளைக் கரையேற்றிக் கட்டுகிறார்கள், கடையில் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது, பள்ளிக்கு விடுமுறை. "என்ன வரப்போகுது?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். பிள்ளைகள் கேள்வியின் சொற்களைப் பலகையில் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஷாலினி எழுந்தாள். "சைக்ளோன் சார்."

"எந்த வரியில இருக்கு?"

"எந்த வரியிலயும் இல்ல சார். புயல் வராம யாரு சார் படக மேல ஏத்துவாங்க?"

அதிகாரியே கைதட்டினார்.

இப்போதெல்லாம், பத்தியில் நேரடியாக விடை இல்லாத ஒரு கேள்வியாவது கேட்காமல் நான் வகுப்பை முடிப்பதில்லை. நேற்று உள்ளே நுழைந்ததுமே ஷாலினி, "இன்னிக்கு டெஸ்ட்டா மிஸ்?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மிஸ். கையில வெள்ளப் பேப்பர் கட்டு இருக்கு, மொகத்துல சிரிப்பக் காணோம்."