நுரையில்லாத இடம்

என் மகன் அஸ்ஃபர் முப்பத்தெட்டு வயது வரை இருந்தான். அவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவனுடைய மகள் ஷஹ்மா எழுதுகிறாள்.

நாங்கள் மலைநாட்டில் அலவத்துகொட ஆட்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் பிங்கா ஓயா என்கிற ஆறுதான். கடல் பார்க்க வேண்டுமானால் சோறு கட்டிக்கொண்டு விடியுமுன் பஸ் ஏற வேண்டும். ஐந்தாம் வகுப்பில் அவனுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள். நான் விடவில்லை. “ஓயாவுல குளிக்கிற புள்ளைக்கு கடல் என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. மற்றப் பிள்ளைகள் சிப்பி கொண்டுவந்து காட்டினபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகம் எனக்கு மறக்கவேயில்லை.

வளர்ந்து, பிஸ்கட் கம்பனியில் மெஷின் திருத்தப் பழகினான். மஸாஹிராவைக் கட்டினான். பிறகு நைஜீரியாவில் லாகோஸ் என்ற பட்டணத்தில் அதே வேலை கிடைத்தது. பெரிய பட்டணம், கடலை ஒட்டினது. ஆறு நாள் மெஷினோடு கிடப்பான், ஏழாம் நாள் கடலுக்குப் போவான். பேராதனையிலிருந்து போன திலக்ஷன் என்ற பையனும் கூடவே போவான். உம்மா விடாத கடலையெல்லாம் அங்கே பார்த்துத் தீர்த்தான்.

ஞாயிறு பின்னேரமானால் போனில் அவன் முகம் வந்துவிடும். ஒரு நாள் படகில் போகும் கடற்கரை. ஆரஞ்சு நிறத்தில் மிதக்கிற சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு நாள் பாட்டும் கூத்துமாக ஒரே சனம், அதற்குள்ளே குதிரை. இவனையும் ஏற்றி வைத்துவிட்டார்கள்.

“என்னடா மகன், மாப்பிள்ள மாதிரி ஏறி இரிக்கிறாய்?”

“உம்மா, இவன் எறக்க மாட்டானாம். இன்னொரு ரவுண்ட் போகட்டுமாம்.”

மஸாஹிரா பின்னால் நின்று, “எறங்கச் செல்லுங்க மாமி, அங்க ஒரு பொண்ணையும் கட்டிக்கிட்டு வந்திருவாரு” என்றாள். குதிரை திரும்பினது, போன் வானத்தைக் காட்டினது, நாங்கள் சிரித்துச் சிரித்து இருமினோம்.

கடைசி ஞாயிறு வெகு தூரத்துக் கடற்கரை. பேர் என் வாயில் வராது. இரண்டு மணி நேரம் போனார்களாம். ஆளே இல்லை. அலை வீடு உயரத்துக்கு எழும்பினது.

“இண்டைக்கு குளிக்க ஏலாது போல உம்மா. அல பெருசா இரிக்கி” என்றான். ஐந்தாம் வகுப்பு முகம் அப்படியே வந்தது. அன்று விடாத பாவம் என் நெஞ்சில் கிடந்தது. போனைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை; நடுவில் ஒடுங்கின ஒழுங்கைப் பாதை போல, கறுத்து, நுரையே இல்லாமல் தண்ணீர் சும்மா கிடந்தது.

எங்கள் ஓயாவில் நுரை பொங்குகிற இடத்தில் கல் இருக்கும். நுரையில்லாத இடம் பார்த்து இறங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன்.

“அந்தா நடுவில பாரு மகன். நுர இல்லாத எடம். அதால எறங்கு” என்றேன்.

“உம்மாவே விட்டுட்டீங்க! இனி என்ன!” என்று சிரித்துவிட்டு போனைத் திலக்ஷனிடம் கொடுத்தான். இங்கே அஸருக்குப் பாங்கு சொன்னது. நான் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யப் போனேன்.

பொழுது பட்டு, மஃரிபுக்குத்தான் திலக்ஷன் எடுத்தான். “அம்மா... அண்ணன தண்ணி உள்ள இழுத்துட்டுப் போயிருச்சும்மா. கண்ணால பாத்தேன். கைய தூக்கினாரு, அப்புறம் காணல.” அந்த ஊர் மீன்காரர் ஒருவர் பிறகு அவனிடம் சொன்னாராம்: வந்த அலையெல்லாம் திரும்பிப் போகிற வழி அதுதான், நுரையில்லாத இடத்தில்தான் கடல் ஆளை இழுக்கும் என்று.

எட்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிற என் தம்பி மஹ்மூத் வந்தான். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தாத்தா, கண்டவன் சாட்சி செல்லிட்டான். ஜும்ஆவுக்குப் பொறகு காயிப் ஜனாஸா தொழுவம். மையித்து இல்லாட்டியும் தொழலாம். நீங்க சரி எண்டு ஒரு சொல்லுச் செல்லுங்க.”

“மையித்தக் காட்டு. பொறகு தொழு.”

அடுத்த வெள்ளியும் கேட்டான். அதையேதான் சொன்னேன். பெத்த வயிறு, நம்பிக்கையை விடவில்லை என்று ஊர் பேசினது. எனக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கவில்லை. தொழுதால் அவன் மௌத்து. அவன் மௌத்தென்றால், அவனைக் கொன்றது இந்த வாய்.

என் பிடிவாதத்தில் மஸாஹிரா நடுவில் நின்றாள். புருஷன் மௌத்தானவள் மாதிரி வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருக்கவும் வழியில்லை, புருஷன் இருக்கிறான் என்று நடக்கவும் வழியில்லை. கலர் உடுப்போடு கடைக்குப் போனால், “இவக்கு ஒரு கவலையும் இல்லையா?” என்று காதுபடக் கேட்டார்கள்.

இருபத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை, அறைக்குள் போனேன். அலுமாரிக்கு முன்னால் நின்றாள். அவனுடைய சட்டைகளுக்குக் கீழே வெள்ளைச் சேலை, மடிப்புக் கலையாமல். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள், திருடி அகப்பட்டவள் மாதிரி.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “மகள், அவன எறங்கச் சென்னது நான்” என்றேன்.

“தெரியும் மாமி.”

“என்னத்தத் தெரியும்?”

“உங்களுக்குப் பின்னாலதானே நிண்டேன். நானும் அந்த எடத்தப் பாத்தேன். நல்ல எடம் எண்டுதான் நெனச்சேன். நீங்க செல்லாட்டி நான் சென்னிருப்பேன்.”

“இத்தின நாளா ஏன் வாய மூடிட்டு இருந்தாய்?”

“நீங்க மறந்திட்டீங்களோ எண்டு நெனச்சேன். மறந்திருந்தா நல்லம்தானே.”

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அவளும் அழுதாள், சத்தம் இல்லாமல்.

மறுநாள் தொழுதார்கள். முன்னால் மையித்து வைக்கிற சந்தூக்கு இல்லை. வெறும் இடத்தைப் பார்த்து நின்று தொழுதார்கள். தக்பீர் ஸ்பீக்கரில் நாலு தரம் கேட்டது. நான் அலுமாரியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து, என் கையாலேயே மஸாஹிராவுக்கு உடுத்திவிட்டு ஜன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

ஷஹ்மா, பேனையை வைக்காதே. உன் வாப்பாவை இறங்கச் சொன்னது இந்த வாப்பும்மாதான் என்பதையும் எழுது.

எழுதிவிட்டேன் என்கிறாள். வாசித்துக் காட்டு என்றேன். வாசிக்கமாட்டாளாம்.