இடது காலுக்கு வேலையில்லாத கார்

மயூர் விஹாரில் ஒரு தமிழ் அம்மாவிடம் டிரைவர் வேலை கேட்டுப் போனேன். ஓட்டிக் காட்டினால்தான் வேலை. அவர் வைத்திருந்தது ஸ்போர்ட்ஸ் செடான். அதில் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையை விரலால் இழுத்தால் கியர் மாறும்.

நான் லாரி ஓட்டியவன். பட்டையை இழுத்ததும் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிட்டது. பின்சீட்டிலிருந்த அம்மா முன்சீட்டில் முட்டிக்கொண்டார்.

"ஐயோ! அந்தக் கால் சும்மாவே இருக்காதாண்ணே?"

"பழக்கம்மா."

அடுத்த கியருக்கும் மிதித்தேன். வேலை போச்சு என்று நினைத்தேன். ஓரமாக நிறுத்தி, இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டேன். அதன்பின் லோதி ரோடு வரை ஒரு குலுக்கல் இல்லை.

இறங்கும்போது கால் மரத்துப்போய் நொண்டினேன். அம்மா சிரித்துவிட்டார்.

"அச்சா, நாளைக்கே வந்துடுங்கண்ணே. அந்தக் காலை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."