பாண்டிச்சேரியில் ஓடிய கிட்னி

மரக்காணம் அளத்தில் இருபத்திரண்டு வருடமாக உப்பு வாரும் சகாயசெல்விக்கு வாய் கொஞ்சம் நீளம். மேஸ்திரி சிவஞானமே அவளைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்டவளுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஒரு சங்கதி கிடைத்தால் விடுவாளா? "நான் இங்க உப்பு வார்றேன், என் கிட்னி பாண்டியில வேலை செய்யுதுடி!" என்று ஊரெல்லாம் தமுக்கடித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அளத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுவந்தது. சகாயசெல்விக்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. வெயிலா, கைகால் வலிக்குப் போடும் மாத்திரையா, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து ஊரான அனுமந்தைப் பெண் ஜெனிஷா, பாண்டிச்சேரி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் படிப்பவள், இவளுடைய சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களை எடுத்து வளர்த்தாள். ஒரு இன்ஜினியர் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சில்லில் தலைமுடி அகல வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். செல்களை அதில் குடிவைத்து, சிறுநீரக டாக்டர் விக்டர் சொன்ன கணக்கில் ரத்தம் போன்ற ஒரு நீரை ஓட்டினார்கள். வேண்டியதை இழுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளி, சில்லு சிறுநீரகமாகவே நடந்துகொண்டது.

"சோதனை இன்னையோட முடியுதுக்கா, வந்து பாக்குறீங்களா?" என்று ஜெனிஷா கூப்பிட்டதும் சகாயசெல்வி நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நெருக்கமாக இருந்தன. "இது நானா!" என்று சிரித்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லா இருக்குது," என்றார் டாக்டர். "உங்க வேலை நேரத்துச் சூடு குடுத்தோம், வலி மாத்திரையும் குடுத்தோம். ஒண்ணும் ஆகலை. அளத்து வேலையால பாதிப்பு இல்லைன்னு எழுதிடலாம்."

சகாயசெல்வி சட்டென்று நிமிர்ந்தாள். "தண்ணி எவ்ளோ குடுத்தீங்க?"

"மணிக்கு ஒரு தடவை. நீங்க ஃபார்ம்ல சொன்னபடிதாங்க."

அளத்தில் ஃபார்ம் நிரப்பிய அன்று மேஸ்திரி பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆம்பளை முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று கூசி, பெண்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லி வைத்தார்கள். இப்போதும் எதிரில் டாக்டரும் இன்ஜினியருமாக இரண்டு ஆண்கள். ஊரையே வாயால் விரட்டுகிறவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் அந்தப் பொய் அச்சில் ஏறிவிடும்.

"பொய் சொல்லிட்டேங்க," என்றாள். "காலைல அஞ்சு மணிக்கு இறங்குனா பதினொண்ணு வரைக்கும் ஒரு வாய் குடிக்க மாட்டோம். குடிச்சா எங்க போறதுங்க? சுத்தி வெட்டவெளி. எங்களுக்குன்னு ஒரு கக்கூஸ் கிடையாது."

 மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இன்ஜினியர் குழாயைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்.

"உங்களையே ரெண்டா வைக்கிறோம்கா," என்றாள் ஜெனிஷா. "தண்ணி குடிக்கிற நீங்க ஒண்ணு, குடிக்காத நீங்க ஒண்ணு. சூடும் மாத்திரையும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி."

அந்த வாரம் சகாயசெல்விக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் போனில் இரண்டு படம் வந்தது. தண்ணீர் குடித்த ஒன்றில் செல்கள் முன்போலவே நெருக்கமாக இருந்தன. குடிக்காத இன்னொன்றில் கொத்துக் கொத்தாக உரிந்து, நடுவில் வெறும் ஓட்டை. "இன்னும் நாலு பேரோட செல்லுல பாக்கணும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா வழி தெரிஞ்சுபோச்சுக்கா!" என்று ஜெனிஷா போனிலேயே கத்தினாள். பாத்தி வரப்பில் நின்று இவளும் கத்தினாள். வேலையை விட வேண்டியதில்லை, தண்ணீர் குடித்தால் போதும் போலிருக்கிறதே! பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு, வெயில் ஏறும் நேரம், சகாயசெல்வி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஒரு லிட்டர் தண்ணீரை எல்லார் கண்ணெதிரிலும் மடமடவென்று குடித்தாள்.

"ஏம்மா, இவ்ளோ குடிச்சிட்டு எங்க போவ?" என்றார் மேஸ்திரி.

"ஆபீஸ்ல உங்களுக்குன்னு ஒரு கக்கூஸ பூட்டி வெச்சிருக்கீங்கல்ல, அங்கதான். சாவியக் குடுங்க."

சிவஞானம் சிரிக்கப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், கூட உப்பு வாரும் சின்னப்பாப்பா பாட்டில் மூடியைத் திருகினாள். அடுத்தவள் திருகினாள். பதினோரு பெண்கள் நிமிர்ந்து நின்று குடித்துக்கொண்டிருக்க, மேஸ்திரி சட்டைப் பையில் சாவியைத் தேடினார்.