நிழலில் இருந்த மெஜந்தா

மானேஜர் வரும் நேரம் ஆகிவிட்டது. மெஷினிலிருந்து எடுத்த ஷீட்டில் உயிரே இல்லை.

ராயபுரத்தில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் அப்போது நான் ஷிப்ட் இன்சார்ஜ். துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றுக்குக் காலண்டர். அவர்களின் மானேஜர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். இந்த ஆர்டர் கைநழுவினால் நைட் ஷிப்டையே நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பி நாலு குடும்பம் இருந்தது.

படம் ஒரு பழைய பிரெஞ்சு ஓவியம். போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் வகை என்று ஃபைலில் போட்டிருந்தது. வெயிலில் கோதுமை வயல், வைக்கோல் போர்கள், பின்னால் ஒரு குன்று. ஒப்பிடக் கொடுத்திருந்த மாதிரி அச்சில், அதாவது புரூஃபில், அந்த மஞ்சள் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் ஷீட்டிலோ அதே வயல் மழைமூட்டத்தில் எண்ணூர் மாதிரி மங்கிக் கிடந்தது. மஞ்சளை அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மெஷின்மேன் ஸ்டீபனைக் கூப்பிட்டேன். "எதையாவது தொட்டியா?"

"மெஜந்தா ஏறிக்கினே இருந்துச்சுக்கா. நெழலெல்லாம் ஊதாவா வந்துச்சு. கொறச்சுட்டேன்."

அவனைத் திட்ட மனம் வரவில்லை. நிழலில் ஊதா தட்டினால், மெஜந்தா என்கிற அந்த ரோஸ் மையைக் குறைக்க எங்கள் ஆட்களுக்குக் கை தானாக இங்க் கீ திருகாணிக்குப் போய்விடும். ஆனால் அந்த ஓவியர் நிழலில் கருப்பே வைக்கவில்லை, ஊதாவைத்தான் வைத்திருந்தார். பக்கத்தில் அது இருந்ததால்தான் மஞ்சள் எரிந்தது.

"ஏத்திடு" என்றேன்.

"இன்னாக்கா நீ, நெழலு எங்கனா ஊதாவா கீதா?"

வெள்ளை ஆர்ட் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவனை வாசலுக்கு இழுத்துப் போனேன். வெயிலில் பேப்பர் மேல் கையை நீட்டச் சொன்னேன். நிழல் நீலமாக, லேசாக ஊதா தட்டி விழுந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உள்ளே போய் மெஜந்தாவை ஏற்றினான்.

புது ஷீட்டை மேஜையில் விரிப்பதற்குள் மானேஜர் வந்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "நிழல் ஏம்மா ஊதாவா இருக்கு? பிரிண்டிங் மிஸ்டேக்கா?"

ஸ்டீபன் அதே வெள்ளைப் பேப்பரை எடுத்தான். "சார், ஒரு நிமிசம் வெளிய வா சார்."

இருவரும் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. திரும்பி வந்த மானேஜர் பேனாவைத் திறந்து ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நிறம் மங்கினால் அதையே முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் எதைக் குறைத்தோம் என்று பாருங்கள்.

ஸ்டீபன் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னான். சாயங்காலம் நைட் ஷிப்ட் ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷினை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னான்: "மெஜந்தாவுல கை வெக்காதீங்க மாமு. வெயிலு பூடும்."